மடிப்பில்லாத ராபின் ஹூட்

போன இதழில் என் வீட்டு பீரோவில் இருக்கும் பழைய கத்திச்சண்டைப் பட போஸ்டர்களைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். எரால் ஃபிளின், டைரோன் பவர், பர்ட் லங்காஸ்டர் என்று, ஒரு கையில் வாளும் மறு கையில் கப்பல் கயிறுமாகத் தொங்கிய ஹாலிவுட் ஆட்களின் படங்கள். பத்துப் பேர் படித்தால் அதிகம் என்றுதான் நினைத்தேன். ஆசிரியர் ஒரு கட்டுக் கடிதத்தை மேஜையில் வைத்து, "நீங்களே பதில் எழுதிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் 31 வருடம் ஆஃப்செட் அச்சகத்தில் பிளேட் போட்டவன். அதனால் என் பதில்கள் எல்லாம் தாள், மை, பசை என்றுதான் சுற்றும். நடிப்பைப் பற்றிக் கேட்டவர்கள் மன்னிக்கவும்.

என் மகன் ஆன்லைனில் 'தி அட்வெஞ்சர்ஸ் ஆஃப் ராபின் ஹூட்' 1938 ஒரிஜினல் போஸ்டர் என்று 2,500 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறான். 24-க்கு 36 அங்குலம். ஒரு மடிப்புகூட இல்லை, பளபளவென்று இருக்கிறது. எங்களுக்கு அதிர்ஷ்டம் அடித்துவிட்டது என்கிறான். உண்மையா?
— ஒரு வாசகர், திருச்சி

அதிர்ஷ்டம் விற்றவருக்கு, சார்.

நீங்கள் பெருமையாகச் சொன்ன மூன்று விஷயங்களுமே எனக்குச் சந்தேகத்தைக் கிளப்புகின்றன. முதலில் அளவு. அந்தக் காலத்து அமெரிக்கத் தியேட்டர் வாசலில் நின்ற ஒற்றைத் தாள் போஸ்டரை 'ஒன் ஷீட்' என்பார்கள். அதன் அளவு 27-க்கு 41 அங்குலம். 24-க்கு 36 என்பது ஹாஸ்டல் அறைச் சுவரில் ஒட்டுவதற்காக இன்றைக்கு விற்கிற அளவு. டேப்பை எடுத்து அளந்து பார்த்தாலே பாதிப் போலிகள் மாட்டிக்கொள்ளும்.

அடுத்தது மடிப்பு. 1980-கள் வரைக்கும் ஒன் ஷீட் போஸ்டர்களை மடித்துத்தான் அனுப்பினார்கள். குறுக்கே மூன்று மடிப்பு, நெடுக்கே ஒன்று. விரித்தால் எட்டுக் கட்டம் தெரியும். மடித்து வைத்தால் ஏறக்குறைய பத்துக்குப் பதிமூன்றரை அங்குலம், ஒரு தபால் உறைக்குள் அடங்கிவிடும். 1938 ஒன் ஷீட்டில் அந்தக் கோடுகள் இருந்தே ஆகவேண்டும். துணியில் ஒட்டிப் பழுது பார்த்த போஸ்டரில்கூட, பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால் மங்கலாகத் தெரியும். புதிதாகச் சேர்க்கிறவர்கள் மடிப்பைக் குறை என்று நினைக்கிறார்கள். எனக்கு அதுதான் போஸ்டரின் ஜாதகம். மடிப்பே இல்லாத ராபின் ஹூட்டை யாராவது நீட்டினால் நான் கையில்கூட வாங்கமாட்டேன்.

மூன்றாவது, பளபளப்பு. அந்தத் தாள் பத்திரிகைத் தாளைவிடக் கொஞ்சம் கனம், மினுமினுப்பு இருக்காது. ஒரு பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு போஸ்டரின் அடியில் இருக்கும் பொடி எழுத்துகளைப் பாருங்கள். படத்தில் புள்ளி இருந்தால் பரவாயில்லை, ஆஃப்செட்டில் அடித்த அசலிலும் புள்ளி இருக்கும். எழுத்தில் மட்டும் இருக்கக்கூடாது. அசல் போஸ்டரில் எழுத்து கெட்டி மையில் விழுந்திருக்கும், ஓரம் கத்தி மாதிரி இருக்கும். போஸ்டரை ஸ்கேன் செய்து மறுபடி அச்சடித்தால் அந்த எழுத்தும் புள்ளி புள்ளியாக உடைந்துவிடும். நடிகர்களின் பெயர் வரிசைக்குக் கீழே இருக்கும் மிகச் சின்ன எழுத்தில் பாருங்கள். அங்கே யாராலும் ஒளிக்க முடியாது.

இதில் ஒரு நடுவாந்திரச் சமாசாரமும் உண்டு. ராபின் ஹூட் 1948-இல் மறுபடி ரிலீஸானது. அதற்கென்று தனியாகப் போஸ்டர் போட்டார்கள். அதுவும் நிஜமான பழைய போஸ்டர்தான், போலி கிடையாது. ஆனால் விலை மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். 1938-இன் அசல் ஒன் ஷீட் ஏலத்துக்கு வந்தால் பல்லாயிரம் டாலருக்குப் போகும். 2,500 ரூபாய்க்கு வராது சார்.

பையனைத் திட்டாதீர்கள். போஸ்டரைச் சட்டம் போட்டு மாட்டுங்கள். படம் பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது.

இந்தப் போஸ்டர்களை ஊர் ஊராக ஒட்டுவதற்கு ஆயிரக்கணக்கில்தானே அச்சடித்திருப்பார்கள்? பிறகு ஏன் ஒன்றுகூடக் கிடைப்பதில்லை?
— ஒரு வாசகி, சேலம்

பெரும்பாலும் அவை தியேட்டர்காரருக்குச் சொந்தமாக இருந்ததில்லை. 1940 வாக்கிலிருந்து அமெரிக்காவில் பெரும்பாலான போஸ்டர்களை நேஷனல் ஸ்கிரீன் சர்வீஸ் என்ற ஒரே கம்பெனிதான் அனுப்பிவந்தது. ஒவ்வொரு போஸ்டரின் அடியிலும் பொடி எழுத்தில் ஓர் எச்சரிக்கை இருக்கும்: இது எங்கள் சொத்து, உங்கள் தியேட்டரில் இந்தப் படம் ஓடும்போது மாட்டிவைக்க மட்டுமே அனுமதி, ஓடி முடிந்ததும் உடனே திருப்பி அனுப்பவேண்டும். அப்படித் திரும்பிய போஸ்டர் அடுத்த ஊருக்குப் போனது, அதற்கடுத்த ஊருக்குப் போனது, கிழிந்தபின் குப்பைக்குப் போனது. நடுவில் இரண்டாம் உலகப்போர் வந்து பழைய தாளையெல்லாம் யுத்தத்துக்கு என்று மூட்டை கட்டிக் கொடுத்தார்கள். அதில் போனது எவ்வளவோ.

தப்பித்தவை பெரும்பாலும் யாரோ வேறு வேலைக்குப் பயன்படுத்தியதால் தப்பித்தவை. பென்சில்வேனியாவில் பெர்விக் என்ற ஊரில் ஒரு வீட்டுப் பரணில் 33 போஸ்டர்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுவர்த்தாள் பசையால் ஒட்டிக்கொண்டு ஒரே பலகையாகக் கிடந்தன. 30,000 டாலருக்கு வாங்கியவர்கள் நீராவி காட்டிப் பொறுமையாகப் பிரித்தார்கள். 2012-இல் ஏலத்தில் மொத்தமாக ஐந்து லட்சம் டாலருக்கு மேல் போயிற்று. அவை வேறு வகைப் படங்கள், நம் கத்திச்சண்டை கோஷ்டி இல்லை. ஆனாலும் அந்தச் செய்தியைப் படித்ததிலிருந்து பழைய வீடு இடிக்கிற இடத்தைக் கண்டால் என் கால் தானாக நின்றுவிடுகிறது.

1935-இல் வந்த 'கேப்டன் பிளட்' கறுப்பு வெள்ளைப் படம். போஸ்டர் மட்டும் எப்படி அத்தனை வண்ணத்தில் இருக்கிறது? படத்துக்கு வண்ணம் பூசினார்களா?
— ஒரு வாசகர், ஈரோடு

ரொம்ப நாளாக யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்த கேள்வி இது.

அது போட்டோவே இல்லை. ஸ்டில் படத்தை எதிரில் வைத்துக்கொண்டு ஓவியர் வரைவார். அந்த ஓவியத்தைப் பார்த்து லித்தோ, அதாவது கல்லச்சு, ஆட்கள் கல்லிலோ துத்தநாகத் தகட்டிலோ எண்ணெய்ப்பசை உள்ள கிரேயானால் மறுபடி வரைவார்கள், வண்ணத்துக்கு ஒரு கல் என்று. கல்லை ஈரப்படுத்தி மை உருளையை ஓட்டினால், பசை இருக்கிற இடம் மையைப் பிடித்துக்கொள்ளும், ஈரம் இருக்கிற இடம் தள்ளிவிடும். எண்ணெயும் தண்ணீரும் சேராது என்ற ஒரே விஷயத்தை வைத்து நடத்திய தொழில். முகத்துக்கு மஞ்சள் ஒரு தடவை, ரோஸ் ஒரு தடவை, அப்புறம் நிழலுக்கு நீலம். தாள் ஒரு தலைமுடி நகர்ந்தாலும் கதாநாயகனுக்கு இரண்டு மூக்கு வந்துவிடும். அமெரிக்காவில் இதற்குப் பேர்போன ஊர் ஒஹையோவின் கிளீவ்லாந்து. மார்கன் லித்தோ, கான்டினென்டல் லித்தோ இரண்டும் அங்கேதான் இருந்தன.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்த போர்மேன் இளவயதில் ராயபுரத்துப் பக்கம் கல்லில் லேபிள் போட்டவர். ஒரு முறை அவரிடம் பழைய லித்தோ போஸ்டர் ஒன்றைக் காட்டினேன். யார் நடிகர் என்றுகூடக் கேட்கவில்லை. பூதக்கண்ணாடியைத் தாடையில் வைத்துப் பார்த்தார், பிறகு கழுத்தில், பிறகு சட்டைக் காலரில். "இங்க ரெண்டு கை வேலை செஞ்சிருக்குடா. மூஞ்சி போட்டவன் வேற, துணி போட்டவன் வேற" என்றார். அதுவரைக்கும் நான் அந்தப் போஸ்டரில் எரால் ஃபிளினைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கண்ணாடியில் பார்த்தால் லித்தோவில் வரிசையான புள்ளி கிடையாது. சொரசொரப்பான சுவரில் சாக்பீஸ் இழுத்த மாதிரி, பொடிப்பொடியாக, ஒழுங்கில்லாமல் இருக்கும். 1940-களில் ஆஃப்செட் மெல்ல மெல்ல அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. எனக்குச் சோறு போட்டது ஆஃப்செட். ஆனால் அழகு லித்தோவில்தான், அதை மறைக்க மாட்டேன்.

காலமான என் மாமனாரின் டிரங்குப் பெட்டியில் 'ஸ்காரமூஷ்' என்ற படத்தின் ஆறு அட்டைகள் கிடைத்தன. 11-க்கு 14 அங்குலம், கெட்டி அட்டை, வண்ணப்படம். நான்கு மூலையிலும் குண்டூசித் துளை. ஒன்றில் செல்லோ டேப். லேமினேட் செய்து பிரேம் போடலாமா?
— ஒரு வாசகி, கோவை

அம்மா, இந்த இதழைக் கீழே வைப்பதற்குள் 'லேமினேட்' என்ற சொல்லை மறந்துவிடுங்கள்.

உங்களிடம் இருப்பவை லாபி கார்டுகள். தியேட்டருக்குள் நுழைகிற இடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் குத்திவைப்பார்கள். பெரும்பாலும் எட்டு அட்டை ஒரு செட். ஒன்றில் படத்தின் பெயர் பெரிதாக இருக்கும், அதுதான் டைட்டில் கார்டு, விலை அதற்குத்தான் அதிகம். மற்ற ஏழும் காட்சிகள். நாயகன் நாயகி முகம் பெரிதாக விழுந்த கார்டு, வாள்சண்டைக் கார்டு இரண்டுக்கும் நல்ல மதிப்பு. முக்கியமான நடிகர் யாருமே இல்லாத காட்சியை 'டெட் கார்டு' என்பார்கள். ஸ்காரமூஷ் 1952-இல் எம்.ஜி.எம். எடுத்த படம், ஸ்டூவர்ட் கிரேஞ்சர் நாயகன். கடைசியில் ஒரு நாடக அரங்குக்குள் நாற்காலிகள் மேலும் பால்கனி விளிம்பிலும் ஆறு நிமிடத்துக்கு மேல் வாள்சண்டை போடுவார்கள். உங்கள் ஆறில் அந்தக் காட்சி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதைத் தனியாக எடுத்து வையுங்கள்.

குண்டூசித் துளையைப் பற்றிக் கவலையே வேண்டாம். தியேட்டரில் நிஜமாகவே மாட்டிய அட்டை என்பதற்கு அதுதான் அடையாளம். செல்லோ டேப்தான் வில்லன். அதன் கோந்து தாளுக்குள் இறங்கித் தேன் நிறத்தில் கறையாக நிற்கும். பிய்க்காதீர்கள், தாளின் மேல்தோல் அதோடு வந்துவிடும். தாள் பாதுகாப்பு தெரிந்த ஒருவரிடம் காட்டுகிற வரைக்கும் அப்படியே இருக்கட்டும்.

ஏன் இவ்வளவு பதறுகிறேன் என்றால், நான் பட்டவன். மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்துபோவதற்கு ஒன்றிரண்டு வருடம் முன்பு, அங்கே ஒரு பழைய புத்தகக் கடையில் 'தி கிரிம்சன் பைரேட்' ஹாஃப் ஷீட் ஒன்று கிடைத்தது. 22-க்கு 28 அங்குலம். வெற்றுடம்போடு பர்ட் லங்காஸ்டர், முகம் நிறையப் பல். கடைக்காரர் சினிமா கம்பெனி ஆபீசிலிருந்து எடைக்கு வந்த கட்டில் அது இருந்தது என்றார். பேரம் பேசாமல் வாங்கி, அன்றைக்கே பிரேம் கடைக்குக் கொண்டுபோனேன். என்னென்ன செய்வீர்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. நான்கு நாள் கழித்துப் போனால், பிரேம் ஜம்மென்று இருந்தது. போஸ்டரை ஹார்டுபோர்டில் பசை போட்டு அழுத்தி, மேலே பிளாஸ்டிக் உறை ஏற்றி, "ஓரத்துல வெள்ளையா அசிங்கமா இருந்துச்சு சார், ட்ரிம் பண்ணிட்டேன்" என்றார் கடைக்காரர்.

அந்த வெள்ளை ஓரத்தின் வலது மூலையில் சின்னதாக ஓர் எண் இருந்தது. 52 என்று தொடங்கி, ஒரு சாய்வுக்கோடு, அப்புறம் இன்னும் சில இலக்கம். நான் சொன்னேனே, நேஷனல் ஸ்கிரீன் சர்வீஸ், அவர்கள் போட்ட எண். கோட்டுக்கு முன்னால் ஆண்டு, பின்னால் அந்த ஆண்டில் அந்தப் படத்தின் வரிசை எண். மறுவெளியீடாக இருந்தால் முன்னால் ஆங்கில ஆர் எழுத்து சேரும். ஒரு போஸ்டரின் வயதைச் சொல்ல அதைவிடச் சுலபமான வழி கிடையாது. என்னுடையதில் அதை வெட்டிக் கடைக் குப்பையில் போட்டாயிற்று. பிறகு ஹார்டுபோர்டிலிருந்து எடுக்க முயற்சி செய்தேன். லங்காஸ்டரின் இடது தோள் போர்டிலேயே தங்கிவிட்டது. இப்போதும் அது என்னிடம்தான் இருக்கிறது, யாருக்கும் காட்டுவதில்லை.

அதனால் பிரேம் கடைக்குப் போகுமுன் இதைச் சொல்லுங்கள்: வெட்டக்கூடாது, ஒட்டக்கூடாது, சூடு காட்டக்கூடாது. அட்டையின் நான்கு மூலையையும் தாளால் செய்த முக்கோண உறைக்குள் செருகி நிறுத்தச் சொல்லுங்கள். கண்ணாடி அட்டையைத் தொடாதபடி நடுவில் ஜன்னல் மாதிரி வெட்டிய கெட்டி அட்டை, அதாவது மவுண்ட் போர்டு, வரவேண்டும். தெரியாது என்று கடைக்காரர் சொன்னால் வேறு கடை பாருங்கள்.

'ஆயிரத்தில் ஒருவன்' கேப்டன் பிளட்டைப் பார்த்து எடுத்தது என்கிறார்களே? அப்படியானால் அதன் போஸ்டரையும் உங்கள் கணக்கில் சேர்ப்பீர்களா?
— ஒரு வாசகர், திருநெல்வேலி

தாராளமாக. கேப்டன் பிளட்டில் பீட்டர் பிளட் ஒரு வைத்தியர். காயம்பட்ட கலகக்காரனுக்கு மருந்து போட்ட குற்றத்துக்காக அடிமையாக விற்கப்பட்டு, தப்பித்துக் கடற்கொள்ளையன் ஆகிறார். 1965-இல் பி.ஆர்.பந்துலு எடுத்த ஆயிரத்தில் ஒருவனில் எம்.ஜி.ஆர். ஏற்ற மணிமாறனும் வைத்தியர்தான், அடிமையாகிக் கடலுக்குப் போகிறவர்தான். மணிமாறனுக்குப் பாட்டு உண்டு, பிளட்டுக்குப் பாவம் அது கிடைக்கவில்லை. எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் சேர்ந்து நடித்த முதல் படமும் இதுதான் என்பதால் கட்சிக்காரர்கள், சினிமாக்காரர்கள், என்னைப் போன்ற கத்திச்சண்டைப் பித்தர்கள் என்று மூன்று தரப்பும் இந்தப் போஸ்டருக்கு அலைகிறோம்.

ஓர் எச்சரிக்கை. படத்தை 2014-இல் டிஜிட்டலில் புதுப்பித்து மறுபடி வெளியிட்டார்கள். அதற்கும் போஸ்டர் அடித்தார்கள். அதைக் காட்டி 1965 என்று யாராவது விற்றால், திருச்சி அன்பருக்குச் சொன்ன பொடி எழுத்துச் சோதனையைச் செய்து பாருங்கள்.

எங்கள் தாத்தா காலத்துப் பெட்டியில் ஒரு பெரிய பிரெஞ்சு போஸ்டர் இருந்தது. 120-க்கு 160 சென்டிமீட்டர். எரால் ஃபிளின் பெயர் இருக்கிறது. பிரெஞ்சுத் தலைப்புக்குக் 'கடல்களின் கழுகு' என்று பொருள் சொன்னார் அப்பா. 1940-இல் வந்தது என்று சித்தப்பா உறுதியாகச் சொல்கிறார். சரியா?
— ஒரு வாசகர், புதுச்சேரி

சித்தப்பா படத்தின் வயதைச் சொல்கிறார். போஸ்டரின் வயது வேறு.

அது 'தி சீ ஹாக்'. பிரெஞ்சில் லெகில் தே மேர். அமெரிக்காவில் 1940 ஆகஸ்ட் வாக்கில் திரைக்கு வந்தது. அதே ஆண்டு ஜூனிலேயே ஜெர்மன் படை பாரிசுக்குள் நுழைந்துவிட்டது. அவர்கள் இருந்த வரைக்கும் ஹாலிவுட் படத்துக்கு அங்கே இடமில்லை. அதுவும் இந்தப் படம், ஸ்பெயின் மன்னனைச் சாக்கிட்டு ஹிட்லரைத் திட்டுகிற படம். ஆகவே உங்கள் போஸ்டர் 1944-இல் அவர்கள் வெளியேறிய பிறகுதான் அச்சாகியிருக்க முடியும். வருத்தப்படாதீர்கள். அந்த நாட்டில் படம் முதல்முதலாக வந்தபோது அடித்தது என்றால் அதுவும் முதல் வெளியீட்டுப் போஸ்டர்தான். இத்தாலியிலும் இதே கதை. போர் முடிந்ததும் தேங்கிக் கிடந்த படங்கள் ஒன்றாக வந்து குவிந்தன. அதனால் அங்கே 1940 படத்துக்கு 1940-களின் பிற்பகுதிப் போஸ்டர்தான் இருக்கும்.

அடி ஓரத்தைப் பாருங்கள். அச்சகத்தின் பெயரும் ஊரும் பொடி எழுத்தில் இருக்கும். பிரான்சில் 1881-ஆம் ஆண்டுச் சட்டப்படி அச்சடித்த எதிலும் அச்சகத்தின் பெயர் போட்டாகவேண்டும். எங்கள் தொழிலுக்குச் செய்த மரியாதை என்று நான் எடுத்துக்கொள்வேன். அந்தப் பெயர் தெரிந்தால் எந்த ஆண்டுகளில் அந்த முகவரியில் அச்சகம் இருந்தது என்று தேடிக் காலத்தை இன்னும் நெருக்கலாம்.

120-க்கு 160 என்பது பிரெஞ்சுக்காரர்களின் பெரிய அளவு. விரிக்கும்போது ஒருவர் போதாது, இரண்டு பேர் சேர்ந்து விரியுங்கள். மடிப்புகள் சந்திக்கிற இடத்தில்தான் முதலில் கிழியும்.

சென்னையில் கடலோரம் வீடு. ஈரக்காற்று, ராமபாணப் பூச்சி. போஸ்டர்களைப் புடவை மாதிரி அந்துருண்டை போட்டு வைத்திருக்கிறேன். போதுமா?
— ஒரு வாசகி, திருவான்மியூர்

அந்துருண்டையை எடுத்துவிடுங்கள். அது தாளுக்கு ஆகாது. பூச்சி தாளைத் தேடி வருவதைவிடத் தாளில் இருக்கும் கஞ்சிப்பசையைத் தேடித்தான் வருகிறது, இருட்டும் ஈரமும் இருந்தால் குடித்தனமே நடத்தும். பாலியஸ்டர் ஷீட்டில் வையுங்கள், பிவிசி கவர் கூடாது, அது வெயில் காலத்தில் மையோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டு போஸ்டருக்கு நடுவில் செய்தித்தாள் வைக்காதீர்கள், அதன் அமிலம் பக்கத்துத் தாளையும் பழுப்பாக்கும். பீரோவை வெளிச்சுவரை ஒட்டி நிறுத்தாமல் நாலு அங்குலம் தள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை மாற்றிக்கொண்டே இருங்கள். மழை விட்டதும் ஒரு நாள் மின்விசிறிக் காற்றில் எல்லாவற்றையும் விரித்துப் பாருங்கள்.

மாட்டுவதானால் வெயில் படாத சுவர். நம் ஊர் மதில்களில் பழைய போஸ்டர் நீலம் பாரித்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். மஞ்சளும் சிவப்பும் வெயிலுக்கு முதலில் ஓடிவிடும், நீலமும் கறுப்பும்தான் கடைசிவரை நிற்கும்.

இன்னொன்று. பின்பக்கம் கிழிந்தால் பைண்டிங் பசையைத் தொடவேண்டாம். மைதாவில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சுவது பூச்சிக்கு நல்லதுதான், ஆனால் அந்தச் செம்பு நாளடைவில் தாளையே மொறுமொறுவென்று ஆக்கிவிடும். துணியில் ஒட்டுகிற நிபுணர்கள் சுத்தமான கோதுமைக் கஞ்சியைத்தான் பயன்படுத்துகிறார்கள், போஸ்டருக்கும் துணிக்கும் நடுவில் ஒரு மெல்லிய தாள் வைத்து. எது செய்தாலும் நாளைக்குத் தண்ணீர் தொட்டுக் கழற்ற முடியவேண்டும், அதுதான் அவர்கள் கணக்கு.

கல்லூரி மாணவன். கையில் 3,000 ரூபாய்தான். எதில் தொடங்கலாம்?
— ஒரு வாசகர், மதுரை

தம்பி, ராபின் ஹூட்டையும் கேப்டன் பிளட்டையும் ஏலப் பட்டியல்களில் பார்த்து ரசித்துக்கொள். வாங்குவதற்கு 1950-களின் இரண்டாம் வரிசைப் படங்களைப் பிடி. எரால் ஃபிளினும் மரீன் ஓஹாராவும் நடித்த 'அகெய்ன்ஸ்ட் ஆல் ஃபிளாக்ஸ்', டோனி கர்டிஸின் 'தி பிளாக் ஷீல்ட் ஆஃப் ஃபால்வொர்த்', இப்படி. இவற்றின் லாபி கார்டுகள் இன்றைக்கும் சில பத்து டாலருக்கு வருகின்றன. ஒன்று வாங்கு, தபால் செலவோடு உன் காசு சரியாகிவிடும். ஆஸ்திரேலிய டேபில் என்று நீளவாக்கில் 13-க்கு 30 அங்குலத்தில் ஒரு போஸ்டர் வகை உண்டு, அதுவும் மலிவு, படமும் தனியாக வரைந்தது.

காசு அனுப்புவதற்கு முன் விற்பவரிடம் இரண்டு படம் கேள். போஸ்டரின் பின்பக்கம் ஒன்று, ஓரத்தில் ஸ்கேலை வைத்து எடுத்தது ஒன்று. பின்பக்கம்தான் பேசும். மடிப்புத் தேய்வு, முன்பக்க மை கசிந்த நிழல், தியேட்டர்காரர் பென்சிலில் கிறுக்கிய தேதி எல்லாம் அங்கேதான் இருக்கும். பின்பக்கம் பளிச்சென்று வெள்ளையாக இருந்தால் யோசி. படம் அனுப்பத் தயங்குகிறார் என்றால் யோசிக்கவே வேண்டாம், விட்டுவிடு. அப்புறம், மடித்திருந்த போஸ்டரை மடித்தபடியே அனுப்பச் சொல். கார்டு என்றால் இரண்டு கெட்டி அட்டைக்கு நடுவில்.

எத்தனையோ வருடமாகச் சேர்க்கிறீர்கள். கிடைக்காமல் போன ஒன்று?
— ஒரு வாசகி, தஞ்சாவூர்

'தி சீ ஹாக்' ஒன் ஷீட். புதுச்சேரிக் கடிதத்தைப் படித்த அன்று எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

அந்தப் படத்தின் லாபி கார்டு ஒன்று மட்டும் என்னிடம் இருக்கிறது. 1940 இல்லை, 1947-இல் மறுபடி வந்தபோது போட்டது. பத்து வருடம் முன்பு, பெயர் பார்த்த சந்தோஷத்தில் படத்தைச் சரியாகப் பார்க்காமல் வாங்கிவிட்டேன். உறையைப் பிரித்துப் பார்த்தால் கப்பல் தளத்தில் நான்கு பேர் நிற்கிறார்கள். நான்கு பேரில் எரால் ஃபிளின் இல்லை. வாள் யார் கையிலும் இல்லை. முழுக்க முழுக்க டெட் கார்டு. என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "இதுல யாரு உங்க ஆளு?" என்று கேட்டாள். ஓரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறவரைக் காட்டி, "இவர்தான், திரும்பி நிக்கிறார்" என்று சொல்லிவைத்திருக்கிறேன். அவள் இந்தப் பத்திரிகையைப் படிப்பதில்லை.